விலையும் குறைய வேண்டும், பொருளும் வேறாக இருக்க வேண்டும்: இரண்டும் நடக்குமா?

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ராத்தாவின் மகன் குருநாகலிலிருந்து ஒரு பொதியுடன் வீட்டுக்கு வந்தான். பொதிக்குள் இரண்டு பாடசாலைப் பைகள். ஒன்று அவனுடைய பட்டறையில் தைத்தது. மற்றது புறக்கோட்டையில் வாங்கிய சீனப் பை. இரண்டையும் மேசையில் வைத்தான்.

"மாமா, இந்தச் சீனப் பைய விட நூறு ரூபா கொறச்சிக் குடுத்தாத்தான் கடைக்காரங்க என்ட பைய எடுப்பாங்களாம். அதோட இத விட நல்லாவும் இரிக்கணுமாம். ரெண்டும் ஒண்டா நடக்குமா?"

பொழுது போகாமல் கேட்ட கேள்வியல்ல இது. அவனிடம் ஆறு தையல் மெஷின்களும் ஏழு ஊழியர்களும் இருக்கிறார்கள். வங்கிக் கடனுக்கு ஈடாகப் போயிருப்பது ராத்தாவின் வீட்டு உறுதி. புதிய தவணைக்கான சீசன் கைதவறினால் அடுத்த சீசன் வரை அந்த உறுதி அங்கேயே தூங்கும்.

இதே கேள்வியை இந்தப் பத்தியின் வாசகர்கள் பலரும் வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். எதிரே சுப்பர் மார்க்கட் திறக்கப்பட்ட பலசரக்குக் கடைக்காரர், ஒன்லைன் விலையைத் தொலைபேசியில் காட்டிப் பேரம் பேசும் வாடிக்கையாளரிடம் மாட்டிக்கொண்ட புடவைக் கடைக்காரர், எல்லோருடைய கவலையும் ஒன்றுதான். எனவே அவனுக்குச் சொன்னதையே சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

உயர்தரத்தில் வர்த்தகம் படிக்கும் உங்கள் பிள்ளைகளைக் கேட்டால் மைக்கல் போர்ட்டர் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் பெயரைச் சொல்லக்கூடும். 1980இல் அவர் எழுதிய நூலில், ஒரு வியாபாரம் ஒன்றில் மற்றவர்களை விடக் குறைந்த கிரயத்தில் இயங்க வேண்டும், அல்லது மற்றவர்களிடம் இல்லாத ஒன்றைக் கொடுத்து அதற்குரிய விலையை வாங்க வேண்டும் என்றார். ஒரு சிறு பகுதி வாடிக்கையாளரை மட்டும் குறிவைப்பது மூன்றாவது வழி. இதில் எதிலும் உறுதியாக நிற்காமல் இரண்டு தோணியில் கால் வைப்பவர் நடுவில் சிக்கிக்கொள்வார் என்பது அவருடைய எச்சரிக்கை.

அந்த எச்சரிக்கைக்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் கொன்டினென்டல் விமான சேவை. சவுத்வெஸ்ட் என்ற மலிவுச் சேவை ஒரே வகை விமானத்தை வைத்துக்கொண்டு, சாப்பாடு இல்லாமல், இருக்கை இலக்கம் இல்லாமல், தரையிறங்கிய சிறிது நேரத்திலேயே மீண்டும் பறந்து நல்ல இலாபம் பார்த்தது. அதைப் பார்த்த கொன்டினென்டல் 1993இல் தன் சில வழித்தடங்களில் 'லைட்' என்ற பெயரில் மலிவுச் சேவை தொடங்கியது. சாப்பாட்டை நிறுத்தினார்கள், கட்டணத்தைக் குறைத்தார்கள். ஆனால் பலவகை விமானங்களையும், முகவர்களுக்கான கொமிஷனையும், பொதிகளை விமானத்துக்கு விமானம் மாற்றும் வேலையையும் விடவில்லை. விமானங்கள் தாமதித்தன, முறைப்பாடுகள் குவிந்தன. 1995இல் கடையை மூடினார்கள்.

நான் அமெரிக்கா வரை போகத் தேவையில்லை. எங்கள் வாப்பா கண்டியில் மணிக்கூடு திருத்தும் சின்னக் கடை வைத்திருந்தார். அவருக்குப் பின் அது என் கைக்கு வந்தது. 1998இல் எனக்கு ஆசை வந்து பக்கத்துக் கடையையும் வாடகைக்கு எடுத்து, கண்ணாடிக் கதவு, ஏசி, வெல்வெட் தட்டு என்று ஒரு ஷோரூம் போட்டேன். நல்ல சுவிஸ் மணிக்கூடுகள் ஒரு பக்கம், ஊரிலேயே குறைந்த விலையில் மலிவு மணிக்கூடுகள் மறுபக்கம். இரண்டு வகை வாடிக்கையாளரும் வருவார்கள் என்பது என் கணக்கு.

நடந்தது வேறு. மலிவு மணிக்கூடு தேடி வந்தவர் கண்ணாடிக் கதவைப் பார்த்ததும், "இது நமக்குரிய இடமில்லை" என்று அடுத்த கடைக்குப் போனார். விலையுயர்ந்த மணிக்கூடு கேட்டு வந்தவர் மறுபக்கத்து விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு அதே சூட்டில் பேரம் பேசினார். ஏசிக்கான மின்கட்டணத்தை மலிவு மணிக்கூட்டின் சில்லறை இலாபத்தால் கட்ட முடியவில்லை. இரண்டே வருடத்தில் கண்ணாடிக் கதவைக் கழற்றி விற்றேன். அதை வாங்கியவர் பேக்கரிக்காரர். அவருக்கு அது நன்றாகவே உழைத்தது.

அப்படியானால் போர்ட்டர் சொன்னதுதான் சரி, பேச்சு முடிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் நான் ஷோரூம் போட்ட அதே மணிக்கூட்டுத் தொழிலில்தான் இரண்டையும் சேர்த்துச் செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள்.

1969 டிசம்பரில் ஜப்பானின் சீகோ நிறுவனம் உலகின் முதலாவது குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. அதன் விலை 450,000 யென். அன்றைக்கு ஒரு கார் வாங்கும் பணம். ஆனால் சில வருடங்களிலேயே ஜப்பானிலும் ஹொங்கொங்கிலும் குவார்ட்ஸ் மணிக்கூடு கடலையைப் போல மலிந்துவிட்டது. மத்திய கிழக்கிலிருந்து திரும்பியவர்கள் கைநிறையக் கொண்டு வந்து உறவினர்களுக்குப் பங்கிட்ட காலம் நினைவிருக்கும். இதனால் சுவிட்சர்லாந்து நொறுங்கிப் போனது. 1970இல் அந்நாட்டின் மணிக்கூட்டுத் தொழிலில் சுமார் 90,000 பேர் வேலை செய்தார்கள். 1980களின் நடுப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு அளவே எஞ்சியிருந்தார்கள்.

மலிவுச் சந்தையை ஆசியாவுக்கு விட்டுவிட்டுத் தங்க மணிக்கூட்டை மட்டும் செய்வோம் என்பதுதான் அங்கே பலருடைய எண்ணமாக இருந்தது. ஈட்டா என்ற தொழிற்சாலையின் தலைவர் ஏர்ன்ஸ்ட் தொம்கே அப்படி நினைக்கவில்லை. அவருடைய ஆட்கள் 1979இல் இரண்டு மில்லிமீற்றருக்கும் குறைவான தடிப்பில் 'டெலிரியம்' என்ற மணிக்கூட்டைச் செய்தார்கள். மணிக்கூட்டின் பின்மூடியையே இயந்திரத்தின் அடித்தட்டாக ஆக்கியதுதான் அதன் இரகசியம். ஒரு பாகம் இரண்டு வேலை செய்தது. செல்வந்தருக்காகக் கண்டுபிடித்த அந்த யுக்தியை எல்மர் மொக், ஜாக் முல்லர் என்ற இரு பொறியியலாளர்கள் பிளாஸ்டிக்குக்குக் கொண்டுவந்தார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் ஸ்வோட்ச். சாதாரண குவார்ட்ஸ் மணிக்கூட்டில் 90க்கும் மேற்பட்ட பாகங்கள் இருந்த இடத்தில் இதில் 51 மட்டுமே. எல்லாவற்றையும் மேலிருந்து ஒரே பக்கமாக இயந்திரமே பொருத்தும். கடைசியில் முகப்புக் கண்ணாடியை ஒலியலையால் உருக்கி ஒட்டிவிடுவார்கள். பிறகு அதைத் திறக்கவே முடியாது, பற்றரியை மட்டும் மாற்றலாம்.

முதன்முதலாக அதைக் கையில் எடுத்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது. திருத்தக் கொடுக்க முடியாத மணிக்கூடு! எங்கள் சோற்றில் மண் போடவே செய்தது போலிருந்தது. சத்தமும் சுவர் மணிக்கூடு மாதிரி. ஆனால் யோசித்துப் பார்த்தால் வாடிக்கையாளருக்கு அதில் என்ன நட்டம்? அந்த விலைக்கு வாங்கியவர் அதைத் திருத்தப் போவதில்லை. அவர் பணம் கொடுக்காத ஒன்றைத்தான் அவர்கள் வெட்டி எறிந்திருந்தார்கள்.

1983 மார்ச் முதலாம் திகதி சூரிச் நகரில் 12 மாதிரிகளுடன் அது வெளிவந்தது. விலை ஐம்பது சுவிஸ் பிராங்குக்குள். ஜப்பானியப் பொருளின் விலைக்கு சுவிஸ் பெயர். அத்துடன் நிறமும் கோலமும் வருடத்துக்கு இரண்டு தடவை உடுப்பைப் போல மாறின. உள்ளே இருந்த இயந்திரம் மட்டும் மாறவில்லை. இந்த இடத்தைச் சற்று நின்று பாருங்கள். தொழிற்சாலைக்கு எல்லா மணிக்கூடும் ஒன்றுதான், எனவே கிரயம் குறைவு. வாங்குபவருக்கு ஒவ்வொன்றும் வேறு, எனவே ஒருவரே மூன்று நான்கு வாங்கினார். அந்த நிறுவனக் குழுமத்தைப் பின்னர் வழிநடத்திய நிக்கொலஸ் ஹாயெக், கூலிச் செலவு மொத்தக் கிரயத்தில் 10 வீதத்துக்குக் கீழே இருந்தால் சுவிட்சர்லாந்தைப் போல சம்பளம் கூடிய நாட்டிலும் மலிவாக உற்பத்தி செய்யலாம் என்று வாதிட்டவர். பாகத்தைக் குறைத்ததால் அது கைகூடியது.

2022 மார்ச்சில் அதே ஸ்வோட்ச், தன் குழுமத்தின் ஒமேகாவுடன் சேர்ந்து, ஆயிரக்கணக்கான பிராங்க் விலையுள்ள ஒரு மணிக்கூட்டின் தோற்றத்தை 250 பிராங்குக்கு விட்டது. பல நகரங்களில் கடைக்கு முன்னால் இரவிலேயே வரிசை நின்றது.

போர்ட்டரும் சும்மா மறுத்தவரல்ல. 1985இல் எழுதிய அடுத்த நூலில், ஒருவர் பெரிய புதுமையைக் கொண்டுவந்தால், அல்லது போட்டியாளர்களே நடுவில் சிக்கியிருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் சாத்தியம் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் மற்றவர்களும் அதைப் படித்துக்கொள்ளும் வரைதான் அந்த வாய்ப்பு. 1996இல் இன்னொன்றையும் சொன்னார். வீண் செலவும் வீண் வேலையும் மலிந்து கிடக்கும் வரை எவரும் கிரயத்தைக் குறைத்துக்கொண்டே தரத்தையும் கூட்டலாம், வீண் எல்லாம் தீர்ந்த பிறகுதான் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் நிலை வரும் என்பது அதன் சாரம். எமது கடைகளையும் பட்டறைகளையும் பார்க்கும்போது அந்த எல்லைக்கு நாம் இன்னும் வந்து சேரவில்லை என்றே எனக்குப் படுகிறது. என் ஷோரூமில் நான் எதையும் குறைக்கவில்லை. இரண்டு வகைச் செலவையும் ஒரே கூரையின் கீழ் கூட்டி வைத்தேன், அவ்வளவுதான்.

இனி பைக்கு வருவோம். மருமகனிடம் பிளேட் ஒன்றைக் கொடுத்து இரண்டு பைகளையும் பிரிக்கச் சொன்னேன். ராத்தாவுக்குத் தெரிந்திருந்தால் ஏசியிருப்பார். சீனப் பையில் 24 துண்டுகள், அவனுடையதில் 38. உள்ளே ஒரு தடுப்பு, அதற்குள் ஒரு சின்னப் பை, அதற்கும் ஒரு ஸிப். பட்டறையில் 14 மாதிரிகள் தைக்கிறான். மூன்று அளவு ஸிப், இரண்டு வகை பக்கிள் என்று ஸ்டொக் வைத்திருக்கிறான். 2022இல் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியபோது, சீனப் பை விலை ஏறி தனக்கு நல்லகாலம் வரும் என்று நினைத்தானாம். துணியும் ஸிப்பும் கூட இறக்குமதிதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

"திருத்தக் கொண்டு வாற பைகள்ல என்ன பழுது?" என்று கேட்டேன். யோசிக்காமலே சொன்னான்: தோள்பட்டி மேலே பிய்வது, ஸிப் ரன்னர் போவது. உள் தடுப்பைப் பற்றி எந்தத் தாயும் ஒரு வார்த்தை சொன்னதில்லையாம்.

இருவரும் அஸர் வரை கணக்குப் போட்டோம். தடுப்பை எடுத்து, மாதிரிகளை மூன்றாகக் குறைத்து, ஒரே வெட்டில் துணியின் நிறத்தை மட்டும் மாற்றினால் ஒரு பையில் சுமார் 110 ரூபா மிஞ்சுகிறது. அதில் 50 ரூபாவைத் தோள்பட்டிக்கு இரட்டைத் துணி, குறுக்குத் தையல், நல்ல ரன்னர் ஆகியவற்றுக்குத் திருப்பிப் போட வேண்டும். பட்டி பிய்ந்தால் இரண்டு வருடத்துக்கு இலவசமாகத் தைத்துத் தருவதாகச் சீட்டும் வைக்கலாம். புறக்கோட்டை இறக்குமதியாளர் எவரும் குருநாகலில் ஊசியோடு உட்காரப் போவதில்லை. மிச்சம் 60 ரூபா. கடைக்காரர்கள் கேட்ட நூறு வரவில்லை. அந்த அறுபதைக் குறைத்தாலும் சீனப் பையின் விலைக்குச் சற்றுக் கீழேதான் நிற்கலாம். அதற்குக் கீழே போக வேண்டாம் என்றேன்.

கடந்த புதன்கிழமை அழைத்தான். அந்த உள் தடுப்பைக் கண்டுபிடித்துத் தைத்த மூத்த ஊழியர் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லையாம். எனினும் புதிய மாதிரியைக் காட்டியதும் குளியாப்பிட்டியில் ஒரு கடைக்காரர் தோள்பட்டியை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு ஐந்து டசின் கேட்டிருக்கிறார். விலையில் பேரம் பேசவில்லை. ஆனால் 60 நாள் செக் தருவாராம். வங்கி வட்டியைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொல் என்றிருக்கிறேன்.