வலிப்பு நின்னாச்சு, மனசு?

ஹாஸ்டலில் யாருக்காவது வலிப்பு வந்தால் முதலில் எதைத் தேடுவோம்? சாவிக்கொத்தை! இரும்பைக் கையில் கொடுத்தால் நின்றுவிடுமாம். உண்மையில் பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். பேர் வாங்குவது மட்டும் சாவி.

என் நண்பன் ஒருவனுக்கு மாத்திரை ஆரம்பித்த பிறகு வலிப்பு வரவே இல்லை. ஆனால் மெஸ்ஸுக்கு வருவது குறைந்தது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுந்தான், அரியர் ஏறியது. "சீன் போடுறான்"னு விட்டுவிட்டோம். ஒருநாள், "டாக்டர்கிட்ட இதையும் சொல்லேன்டா" என்றேன். "ஏற்கெனவே வலிப்புக்காரன்னு பேரு. பைத்தியம்னு வேற பேரு வாங்கணுமா?" என்றான்.

அவன் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1999 திருத்தம் வரும்வரை நம் நாட்டின் இந்து திருமணச் சட்டமே பைத்தியத்தையும் வலிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் திருமணத்துக்குத் தடையாகச் சொன்னது.

வலிப்பு பைத்தியம் இல்லை. மூளையின் நரம்பணுக்கள் மின்துடிப்புகளால் பேசிக்கொள்கின்றன. குளூட்டமேட் தூண்டிவிடும், காபா அடக்கி வைக்கும். இந்தச் சமநிலை தவறி, ஏராளமான அணுக்கள் ஒரே நேரத்தில் துடித்தால் அதுதான் வலிப்பு. ஸ்பீக்கர் பக்கம் மைக்கைக் கொண்டுபோனால் 'கீ'ன்னு கத்துமே, கிட்டத்தட்ட அது மாதிரி.

அப்படியானால் மனநலத்தோடு என்ன தொடர்பு? மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, இடம். பல பேருக்கு வலிப்பு தொடங்குவது காதுக்கு மேலே உள்ள டெம்போரல் பகுதியில். பயத்தையும் நினைவையும் கவனிக்கும் அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. காரணமே இல்லாமல் திடீரெனக் கிளம்பும் பயம்கூடச் சிலருக்கு வலிப்பின் ஆரம்பமாக இருக்கும்.

இரண்டாவது, மருந்து. வலிப்பை நன்றாகக் கட்டுப்படுத்தும் லெவெடிராசிட்டம், சிலருக்கு எரிச்சலையும் மனச்சோர்வையும் தரக்கூடியது.

மூன்றாவது, வாழ்க்கை. வண்டி ஓட்டக் கூடாது, அடுத்தது எப்போது வருமோ என்ற பயம், நம்முடைய கிண்டல்.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய நான்கைந்து பேருக்கு ஒருவர் மனச்சோர்வால் அவதிப்படுகிறார். இது இருவழிப் பாதையும்கூட: மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பின்னாளில் வலிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இரண்டும் ஒரே நோய் அல்ல. வேர்கள் சில பொதுவானவை.

நல்ல செய்தி, இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. தூக்கம், கோபம், அழுகை எதுவானாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், மனச்சோர்வுக்குத் தனியாகவும் மருந்து தரலாம். ஆனால் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பலாம். மனசு விட்டுப் பேச டெலி மானஸ் எண் 14416, இலவசம்.

யாருக்காவது வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினால் 108.

நண்பன் கடைசியில் டாக்டரிடம் சொன்னான். மருந்தை மாற்றினார்கள். இப்போது மெஸ்ஸில் எங்களுக்கு முன்னால் தட்டோடு நிற்கிறான். வலிப்பு வந்த அன்று பத்துப் பேர் ஓடினோம். அடுத்த மூன்று மாதம் அவன் கதவைத் தட்ட ஒருத்தர்கூடப் போகவில்லை. அடுத்த முறை கதவையும் தட்டுவோம்.