வளையமாதேவி ஏன் பாடத்தில் இல்லை?

புதுப்பிக்கத்தக்க ஆற்றலையும் புதுப்பிக்க இயலாத ஆற்றலையும் வேறுபடுத்துக. இந்தக் கேள்விக்கு அட்டவணை போட்டு விடை எழுதாத மாணவர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். இடப்பக்கம் சூரியன், காற்று, நீர். வலப்பக்கம் நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு. முதல் வரிசை நல்லது, இரண்டாவது கெட்டது. மதிப்பெண் வந்துவிடும். நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகளும் இதே அட்டவணையைத்தான் எழுதுகிறார்கள். எனக்கு அங்கேதான் உறுத்துகிறது.

அந்த வட்டாரத்தில் பழுப்பு நிலக்கரி என்றால் பலருக்கு அப்பாவின் சம்பளம், வேறு பலருக்குப் பறிபோன தாத்தாவின் நிலம். நிரந்தர வேலையில் இருப்பவர், ஒப்பந்தத் தொழிலாளி, நிலத்தைக் கொடுத்துவிட்டு இன்னும் வேலைக்குக் காத்திருப்பவர், மூவரின் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். சுரங்கத்தின் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்தால்தான் அங்கே தோண்ட முடியும். அப்படி இறைப்பதால்தான் தங்கள் போர்வெல் வற்றுகிறது என்று சுற்றுக் கிராமங்கள் பல ஆண்டுகளாகச் சொல்கின்றன. அதே சுரங்கத்தை நம்பித்தான் 1962 முதல் அங்கே மின்சாரம் உற்பத்தியாகிறது. இத்தனையும் வீட்டிலேயே தெரிந்த பிள்ளை, பரீட்சையில் ‘மாசு ஏற்படுத்தும்’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டு வருகிறது.

2023 ஜூலையில் அதே வட்டாரத்து வளையமாதேவியில் கதிர் முற்றாத நெல்வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கியதை ஊர் உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. சுரங்கத்துக்காகப் பரவனாற்றின் போக்கை மாற்றக் கால்வாய் வெட்டினார்கள். அந்த நிலங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டவை என்றது ஒரு தரப்பு. அறுவடை வரைக்குமாவது பொறுத்திருக்கக் கூடாதா என்றது மறு தரப்பு. சில மாதங்களுக்கு முன்புதான் காவிரி டெல்டாவிலும் அதை ஒட்டியும் உள்ள நிலக்கரிப் படுகைகள் ஒன்றிய அரசின் ஏலப் பட்டியலில் சேர்ந்து, கட்சி வேறுபாடின்றி எதிர்ப்பு கிளம்பியதும் விலக்கப்பட்டன. டெல்டாவைக் காக்க 2020இல் மாநிலம் நிறைவேற்றிய வேளாண் மண்டலச் சட்டம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. மாநிலத்துக்கு எந்த அதிகாரம், ஒன்றியத்துக்கு எந்த அதிகாரம் என்று குடிமையியலில் மனப்பாடம் செய்கிற வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எங்கே கிடைக்கும்?

அட்டவணையின் இடப்பக்கத்திலும் மறைந்து கிடக்கும் கணக்கு உண்டு. முப்பந்தலில் மே முதல் செப்டம்பர் வரை காற்றாலைகள் சுழன்று தள்ளும். அதற்குப் பிறகு உற்பத்தி சரிந்துவிடும். கமுதியில் 2016இல் வந்த சூரிய மின்நிலையத்தின் திறன் 648 மெகாவாட். ஆனால் இரவையும் மேகத்தையும் சேர்த்து ஆண்டு முழுக்கச் சராசரி பார்த்தால், பொதுவாக ஒரு சூரிய மின்நிலையம் தன் திறனில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மின்சாரம் தரும். வீடுகளில் விளக்கு எரிந்து விசிறி ஓடும் இரவு நேரத்தில் சூரியன் இருக்காது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் கட்டப்படுகிறது. நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியாகும். வீட்டு மின்கட்டண அட்டையைக் கையில் கொடுத்தால் பிளஸ் ஒன் மாணவி பத்தே நிமிடத்தில் தன் வீட்டுப் பங்கைக் கணக்கிட்டுவிடுவாள். அட்டையில் முதல் நூறு யூனிட் ஏன் இலவசம், அந்தப் பணத்தை யார் கட்டுகிறார்கள் என்று அவள் அடுத்துக் கேட்பாள். அங்கே அரசியல் வந்துவிடும், ஆசிரியர் பேச்சை மாற்றிவிடுவார்.

ஆசிரியர்களைக் குறை சொல்வது எளிது. வகுப்பில் அரசியல் பேசினால் புகார் வரும், பாடத்திட்டமும் முடியாது என்று அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இந்தியாவில் தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் வெளியேற்றம் உலகச் சராசரியைவிடக் குறைவுதான், நிலக்கரியைக் கைவிட நமக்கு அவசரமில்லை என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வாதமும் வகுப்புக்கு வரட்டும்.

என் கவலையெல்லாம் வேறு. வகுப்பறை வாயை மூடிக்கொண்டால் அந்த இடத்தைக் கைபேசி பிடித்துக்கொள்கிறது. காற்றாலை மழை மேகத்தை விரட்டிவிடும் என்ற வதந்தி தென்மாவட்டங்களில் இன்றும் உலவுகிறது. அதை நம்பும் பிள்ளையிடம், அறிவியல் வகுப்பில் யாரும் நின்று பேசியதில்லை. ஒரு நிமிட வீடியோவில் ஒருவர் சூரிய மின்சாரமே ஏமாற்று வேலை என்கிறார், இன்னொருவர் நாளைக்கே எல்லா அனல் மின்நிலையத்தையும் மூடலாம் என்கிறார். இரண்டையும் எடைபோட யாரும் கற்றுத்தராத பதினேழு வயதுப் பிள்ளை அடுத்த ஆண்டே வாக்காளர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. இலவச மின்சாரம், மின்கட்டண உயர்வு, நிலம் கையகப்படுத்துதல் எல்லாவற்றுக்கும் அந்த விரல்தான் மைவைத்துக்கொள்ளப் போகிறது. இது எனக்குத் தூக்கம் கெடுக்கும் விஷயம்.

செய்வதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. வகுப்பை நான்காகப் பிரித்து, நிலம் இழந்தவர், சுரங்கத் தொழிலாளி, மின்வெட்டில் தறி நின்றுபோன நெசவாளி, எண்ணூர் முகத்துவாரத்தில் சாம்பல் கலந்த தண்ணீரில் வலைவீசும் மீனவர் என்று பேசவிடலாம். அடுத்த நாள் அவரவர் கட்சியை மாற்றிப் பேசச் சொல்லலாம். பிறகு தேர்வில், ‘உங்கள் மாவட்டத்தில் அனல் மின்நிலையம் ஒன்றை மூடலாமா? யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று காட்டி எழுதுக’ என்று ஒரே ஒரு கேள்வி வரட்டும். விடைக்குறிப்பில், மூடலாம் என்றாலும் கூடாது என்றாலும் காரணம் சரியாக இருந்தால் முழு மதிப்பெண் என்று ஒரு வரி போதும். அந்த வரி அச்சில் வந்துவிட்டால், புகாருக்குப் பயப்படும் ஆசிரியரும் துணிந்து பாடத்தைத் தொடங்குவார்.