சூப்பு எலும்புக்குள் ஒரு கட்டடக்கலை

சூப்புக்கென வாங்கிய மாட்டுத் தொடை எலும்பை, இறைச்சிக் கடைக்காரர் மூட்டுத் தலையோடு பிளந்து தந்திருக்கிறாரா? அடுப்பில் வைக்கும் முன் ஒரு நிமிடம் அதை உற்றுப் பாருங்கள். வெளியே கல்லுப் போன்ற எலும்பின் உள்ளே, கடற்பஞ்சு போல மெல்லிய வலையொன்று தெரியும். ஏனோதானோவென்று பின்னிய வலை என்றுதான் நினைப்பீர்கள்.

சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில், மனிதத் தொடை எலும்பின் இந்த வலையை ஹெர்மன் வொன் மேயர் என்ற உடற்கூற்றுப் பேராசிரியர் ஆராய்ந்து வந்தார். 1866இல் அதைக் கண்ட கார்ல் குல்மன் வைத்தியரல்லர், பொறியியலாளர். வியந்து போனார் அவர். வளைந்த பாரந்தூக்கி சுமையைத் தாங்கும்போது அதனுள்ளே அமுக்கமும் இழுவையும் ஓடும் வழியைக் காட்ட அவர் கடதாசியில் வரையும் கோடுகளைப் போலவே, அந்த எலும்பிழைகளும் வளைந்து சென்றன! (இவ்வொப்புமை அச்சொட்டானதல்ல என்று பின்வந்தோர் காட்டியிருக்கிறார்கள். அடிப்படைக் கருத்து மட்டும் நிலைத்துவிட்டது.)

அதே வகைக் கோடுகளைக் கட்டடத்திலும் காணலாம். இத்தாலியப் பொறியியலாளர் பியர் லூயிஜி நேர்வி 1950களின் தொடக்கத்தில் ரோம் நகரில் அமைத்த கம்பளித் தொழிற்சாலையின் தளத்தைக் கீழிருந்து பார்த்தால், கொங்கிரீட் விட்டங்கள் நேராக ஓடாமல் தூண்களிலிருந்து வளைந்து விரிகின்றன.

ஆனால் இதிலுள்ளது வடிவம் மட்டுமே. எலும்பின் கெட்டித்தனம் அதன் வளர்ச்சியில் அல்லவா இருக்கிறது! பாரத்துக்கேற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்கிறது என்று ஜேர்மன் சத்திரசிகிச்சை நிபுணர் ஜூலியஸ் வொல்ஃப் 1892இல் எழுதினார். உங்கள் உடம்பில் இப்போதும் சில கலங்கள் பழைய எலும்பைக் கரைக்கின்றன. வேறு சில புதிதாய்க் கட்டுகின்றன. டென்னிஸ் வீரரின் மட்டை பிடிக்கும் கை எலும்பு மற்றதை விடத் தடிக்கிறது. விண்வெளியில் தங்குபவரோ, உரிய உடற்பயிற்சி இல்லாவிடின், இடுப்பெலும்பில் மாதமொன்றுக்கு நூற்றுக்கு ஒரு பங்களவில் இழக்கிறார்.

ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கிளவுஸ் மத்தெக் இந்த வளர்ச்சியையே கணனிக்குக் கற்றுக்கொடுத்தார். முரட்டுக் கட்டியொன்றை வரைந்து பாரம் ஏற்றினால், வேலை செய்யாத பகுதியைக் கணனி சிறிது சிறிதாக நீக்கும். திணறும் பகுதியைத் தடிப்பாக்கும். இன்று கட்டடக் கலைஞர்களும் இத்தகைய முறைகளைக் கையாளுகிறார்கள்.

எனினும் அந்த வளர்ச்சியெல்லாம் திரையோடு சரி. சீமெந்து இறுகியதும் நின்றுவிடும். மகளுக்கென்று பிற்காலத்தில் மேலே ஒரு மாடி எழுப்பினால், பாரம் கூடிவிட்டதே என்று கீழ்வீட்டுத் தூண் தானாகத் தடிக்காது. அந்த எண்ணம் உங்கள் மனதில் இருந்தால், அத்திவாரம் வெட்டும் முன்னரே பொறியியலாளரிடம் சொல்லிவிடுங்கள். கம்பியின் தடிப்பையும் அத்திவாரத்தின் அகலத்தையும் அவர் அப்போதே கணக்கிட்டுத் தருவார்.