படைவீரர் தைத்த ஒட்டுப்போர்வைகள்

படைவீரர் ஒட்டுப்போர்வை என்பது 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படையினர் சீருடைத் துணியின் துண்டுகளைச் சேர்த்துக் கையால் தைத்த விரிப்பு. சிப்பாய்களும் படைப்பிரிவுத் தையற்காரர்களும் இவற்றைத் தைத்தார்கள். சிலவற்றில் பல்லாயிரம் துண்டுகள் இருக்கின்றன.

போர்வையின் நிறங்கள் படையின் நிறங்களே. காலாட்படையின் சிவப்பு, பீரங்கிப் படையின் கருநீலம், ரைஃபிள் பிரிவின் கரும்பச்சை ஆகியவற்றோடு, காலரிலும் கைமடிப்பிலும் வரும் மஞ்சளும் வெள்ளையும் சேரும். துணியை அறுகோணமாகவோ சதுரமாகவோ சாய்சதுரமாகவோ வெட்டுவார்கள். அறுகோணம் பெரும்பாலும் கட்டைவிரல் நுனியைவிடச் சற்றே பெரிது. சீருடைக் கம்பளி ஈரத்தில் அடித்து இறுக்கப்பட்டது. அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் வெட்டிய ஓரம் பிசிறாது. பருத்தித் துண்டுகளுக்குச் செய்வதுபோல ஓரத்தை உள்ளே மடிக்க வேண்டியதில்லை. விளிம்போடு விளிம்பை வைத்து நெருக்கமாகத் தைத்தால் போதும். ஆனால் அந்தத் தடித்த துணிக்குள் ஊசியைச் செலுத்த விரலில் நல்ல வலு வேண்டும். வெட்டில் ஒரு நூலளவு பிழை வந்தாலும் அடுத்தடுத்த துண்டுகளில் அது பெருகி, கோலம் கோணிவிடும்.

1856-இல் தாமஸ் வுட் வரைந்த ஓவியம் ஒன்றில், கிரிமியப் போரின் இங்கர்மன் சண்டையில் தலையில் காயம்பட்ட தாமஸ் வாக்கர் என்ற சிப்பாய், மருத்துவமனைக் கட்டிலில் அமர்ந்து இத்தகைய போர்வையைத் தைக்கிறார். இதுபோன்ற காட்சிகளால், எல்லாப் போர்வைகளுமே நோயாளிகள் தைத்தவை என்ற எண்ணம் பரவியது. அது முழு உண்மையல்ல. மிக நுணுக்கமானவற்றில் பல தொழில்முறைத் தையற்காரர்களின் கைவேலையாகவே தெரிகின்றன. வெட்டுத்துணியும் கூரிய கத்தரிக்கோலும் அவர்களிடம்தான் தாராளமாக இருந்தன. இந்தியாவில் பணியாற்றிய பிரான்சிஸ் பிரேலி என்ற சிப்பாய் 1860, 70-களில் அறுகோணங்களால் தைத்த விரிப்பு இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாசறையின் நீண்ட, வெப்பமான பகல்களில் குடியிலும் சூதிலும் வீரர்கள் விழாதிருக்க இத்தகைய கைவேலையை மதுவிலக்கு இயக்கத்தார் ஊக்குவித்தனர்.

ஊசி படைவீரருக்குப் புதிதல்ல. கிழிந்த சட்டையையும் அறுந்த பொத்தானையும் தானே தைத்துக்கொள்ள ஊசி நூல் பையை அவர் உடன் வைத்திருந்தார். கப்பலில் பாய் தைத்தவர்களும் ஆண்களே. இடைக்கால இங்கிலாந்தின் புகழ்பெற்ற தேவாலயப் பூத்தையலை லண்டன் பட்டறைகளில் ஆண்களும் பெண்களும் செய்தார்கள். 1561-இல் அரச பட்டயம் பெற்ற பூத்தையல் சங்கத்தை நடத்தியவர்கள் ஆண்கள். கூலியும் சங்கமும் கடையும் இருந்த இடத்தில் தையல் ஆணின் தொழிலாக மதிக்கப்பட்டது. வீட்டுக்குள் கூலியில்லாமல் நடந்தபோது பெண்ணின் இயல்பு என்று சொல்லப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் பள்ளிகள் சிறுமிகளுக்குத் தையலைக் கட்டாயப் பாடமாக்கி இந்தப் பிரிவினையை இறுக்கின. இதில் ஆண், பெண் இருவருக்குமே அநீதி இருந்தது. பெண்ணின் திறமைக்கு விலை கிடைக்கவில்லை. ஆணின் விருப்பத்துக்கு இடம் கிடைக்கவில்லை.

அந்தத் தடை எவ்வளவு வலுவானது என்பதை முதல் உலகப் போர் காட்டியது. போரில் கை காயம்பட்ட நடிகர் எர்னஸ்ட் தெசிஜர், ஊனமுற்ற வீரர்களுக்குப் பூத்தையல் கற்றுத்தரலாம் என்றபோது, அது ஆணுக்குப் பொருந்தாது என்று அதிகாரிகள் மறுத்தனர். ஆனாலும் 1918-இல் ஊனமுற்ற படைவீரர் பூத்தையல் தொழிலகம் தொடங்கியது. காயம்பட்ட வீரர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் தைத்த பலிபீடத் திரை லண்டன் புனித பால் பேராலயத்துக்குச் சென்றது.

இரண்டாம் உலகப் போரில் 1941-இல் கிரீட் தீவில் சிறைப்பட்ட மேஜர் அலெக்சிஸ் காஸ்டாக்லி முகாமில் ஒரு பூத்தையல் துணி தைத்தார். அதன் கரையில் புள்ளியும் கோடுமாக ஓடுவது மோர்ஸ் குறிகள்: மன்னருக்கு வாழ்த்தும் ஹிட்லருக்கு ஒரு வசவும். பொருள் அறியாத ஜெர்மானியர் அதை முகாம்களில் காட்சிக்கு வைத்தனர்.

பிரிட்டிஷ் சிறைகளில் இந்தக் கைவேலை இன்றும் தொடர்கிறது. 1997-இல் தொடங்கிய ஃபைன் செல் வொர்க் என்ற அறக்கட்டளை கைதிகளுக்கு, பெரும்பாலும் ஆண்களுக்கு, பூத்தையலும் ஒட்டுத்தையலும் கற்றுத்தருகிறது. வாண்ட்ஸ்வொர்த் சிறைக் கைதிகள் தைத்த போர்வையை 2010-இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது. அறைக்குள் பூட்டப்பட்டிருக்கும் மணிக்கணக்கான நேரத்தில் அவர்கள் தைக்கும் திண்டு உறைகளும் விரிப்புகளும் விற்பனைக்குப் போகின்றன. தைத்தவருக்குக் கூலி தரப்படுகிறது.