பேய்க்கும் உண்டு ஓய்வு நேரம்!

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 'நாட்ஸ் பெர்ரி பார்ம்' என்றொரு கேளிக்கைப் பூங்கா உள்ளது. அக்டோபர் வந்தால் இரவில் அங்கே பேய்களின் ராஜ்யம்தான்! 1973-ல் ஆரம்பித்த வழக்கம் இது.

பேய்களில் பெரும்பாலோர் அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் சம்பளத்துக்கு வருகிறவர்கள். முழங்காலில் கவசம் கட்டி, தரையில் தீப்பொறி பறக்கச் சறுக்கி வந்து பயமுறுத்துவோரும் உண்டு. தொண்டை வறளும், மூட்டு வலிக்கும்.

தலைவலி, ஷிப்டு போடுகிறவருக்கு! 4 மணி நேர வேலைக்கு 10 நிமிடம் சம்பளத்துடன் ஓய்வு தர வேண்டும் என்பது அம்மாநிலச் சட்டம். 5 மணி நேரத்தைத் தாண்டினால், சாப்பாட்டுக்கு அரை மணி. மறுத்தால் 1 மணி நேரச் சம்பளம் கூடுதலாக அழ வேண்டும். ஆனால் பேய் இளைப்பாறப் போனாலும் இருட்டு மூலை காலியாக இருக்கலாமா? மாற்றுப் பேய் தயாராக நிற்க வேண்டும். அதுவும் லீவு போட்டால்? நம்ம ஊர் சூப்பர்வைசர்களுக்குத் தெரியும் அந்தப் பாடு!