தொண்டுக்குக் கிடைக்கும் கூரைக்கு வரி உண்டா?

தைப்பூசம் வந்துவிட்டால் வடலூரில் பல ஊர்ச் சன்மார்க்க அன்பர்கள் பந்தல் போட்டு அன்னதானம் செய்வார்கள். காய் நறுக்குவது, பரிமாறுவது, இலை எடுப்பது எல்லாமே கூலி வாங்காத கைகள். 1867இல் வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பும் இன்றுவரை அணையவில்லை. நாளெல்லாம் உழைத்துவிட்டுப் பந்தலிலேயே படுத்து எழும் தொண்டருக்குக் கிடைக்கும் சோறும் இடமும் வருமானக் கணக்கில் வருமா?

வராது. நாளைக்கு அவர் வராமல் போனால் ஏன் என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. முதலாளி, வேலையாள் என்ற உறவே இல்லாத இடத்தில் சம்பளம் என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டும் அன்பளிப்புக்கு வரி உண்டுதான். ஆனால் பணம், நிலம், கட்டடம், நகை, பங்கு என்று நீளும் அந்தப் பட்டியலில் சில நாள் தங்கல் இல்லை.

அதேபோல், அவருடைய உழைப்புக்கு வரிச்சலுகையும் கிடையாது. நன்கொடைக்கான வரிக் கழிவு பணமாகத் தருவதற்கு மட்டுமே, அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கே. அரிசி மூட்டைக்கும் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்துக்கும் அது பொருந்தாது.

வடலூரை அடுத்த நெய்வேலியில் கதை வேறு. 1956இல் தொடங்கிய நிலக்கரி நிறுவனம் ஊழியர்களுக்காக ஒரு நகரையே கட்டியது. வேலையோடு சேர்ந்து வரும் குவார்ட்டர்ஸ் ஊதியத்தின் ஒரு பகுதி. நிறுவனத்துக்குச் சொந்தமான வீட்டை வாடகையின்றித் தந்தால் அதன் மதிப்பைச் சம்பளத்தின் சதவீதமாகக் கணக்கிடுவார்கள். 2023 செப்டம்பர் 1 முதல் வந்த விதிப்படி, 2011 கணக்கெடுப்பில் 40 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் 10 சதவீதம், 15 முதல் 40 லட்சம் வரை உள்ளவற்றில் 7.5 சதவீதம், மற்ற ஊர்களில் 5 சதவீதம். கடலூரும் சிதம்பரமும் கடைசி வரிசையில் வருகின்றன. நகராட்சி எல்லைக்கு 8 கிலோமீட்டருக்கு அப்பால் சுரங்கம், அணை, மின்நிலையம் போன்ற பணியிடங்களில் போடப்படும் சிறிய தற்காலிகக் குடியிருப்புக்கு அந்த விதியே விலக்கும் அளிக்கிறது.

அமெரிக்காவிலும் இதே சிந்தனைதான். முகாம் காவலர் பணியிடத்திலேயே, முதலாளியின் தேவைக்காக, பணி நிபந்தனையாகத் தங்கினால் அந்த இடத்துக்கு வரி இல்லை. வேலைக்கு ஈடாகப் பேசிய வெறும் பண்டமாற்று என்றால் சந்தை மதிப்புக்கு வரி உண்டு.

சிக்கல் வருவது நடுவில். பிச்சாவரம் அலையாத்திக் காட்டருகே ஒரு விடுதிக்காரர், காணொளி எடுத்துத் தரும் கலைஞருக்கு ஒரு வாரம் அறையை இலவசமாகக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கலைஞருக்கு அது தொழில்வழி வந்த பலன், ஆகவே வருமானம். இத்தகைய பலன் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் தருபவரே 10 சதவீத வரியை முன்கூட்டியே (டி.டி.எஸ்.) பிடிக்க வேண்டும் என்பது 2022 ஜூலை 1 முதல் சட்டம். முந்தைய ஆண்டில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் செய்யாத தனிநபர் விடுதிக்காரருக்கு அந்தக் கடமை இல்லை. கலைஞர் தன் கணக்கில் காட்டியே ஆக வேண்டும்.

அந்த விடுதியிலேயே தினமும் எட்டு மணிநேரம் கூடாரங்களைக் காத்து, ஒரு கூடாரத்தில் படுத்துக்கொள்ளும் இளைஞரைத் தன்னார்வலர் என்று அழைப்பது சரியாகாது. நேரம் குறித்து வேலை வாங்கினால் அது வேலைதான். கூலியைப் பணமாகத் தர வேண்டும் என்கிறது ஊதியச் சட்டம். அவருடைய மொத்த வருமானம் வரி வரம்பைத் தொடாமல் போகலாம். கூலி உரிமை அதனால் குறையாது. போகும் முன்பே எத்தனை நாள், எத்தனை மணிநேரம், என்ன வேலை, விரும்பியபோது கிளம்பலாமா, அந்த இடத்தின் வழக்கமான வாடகை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்வது நல்லது. பின்னால் ஆடிட்டர் முதலில் கேட்கப்போவதும் அந்தத் தாளைத்தான்.