சரக்கு லாரி ஓட்டுநரின் ஊதியமும் காத்திருக்கும் நேரமும்

மும்பை மாநகரின் வடாலாவிலிருந்து செம்பூர், மான்குர்து வழியாகப் பன்வேல் நோக்கிச் செல்வோர், சாலையோரங்களில் வரிசையாக நிற்கும் லாரிகளைக் காணாதிருக்க இயலாது. அவற்றுள் பல, பக்கப் பலகைகள் இல்லாத திறந்த தளமுடைய டிரெய்லர் லாரிகளாகும். எஃகுச் சுருள், இரும்புக் கம்பி, கனரக இயந்திரம், கொள்கலப் பெட்டி ஆகியவற்றைச் சுமந்து செல்பவை இவை. நிற்கும் லாரியைக் காண்போர் அதன் ஓட்டுநர் ஓய்வெடுப்பதாக எண்ணக்கூடும். உண்மையில் அவர் பெரும்பாலும் காத்திருக்கிறார். நகருக்குள் நுழையும் நேரத்திற்காகவோ, தொழிற்சாலையின் வாயில் திறப்பதற்காகவோ, துறைமுகத்தில் தமது முறை வருவதற்காகவோ காத்திருக்கிறார்.

இக்காத்திருப்பு வேலையா, ஓய்வா? வேலையெனில் அதற்குரிய ஊதியத்தை யார் தருவது? லாரி ஓட்டுநரின் பணி நிலைமைகளை ஆராயும் எவரும் இவ்வினாக்களுக்கே இறுதியில் வந்து சேர வேண்டியிருக்கிறது. இவற்றுக்கு விடை காண முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாலையும் மும்பையும்

முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிய 1951-இல் நம் நாட்டுச் சரக்குப் போக்குவரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலானதை இரயில்வேயே சுமந்தது. இன்று அந்நிலை ஏறத்தாழத் தலைகீழாகியுள்ளது. சரக்கில் சுமார் 70 விழுக்காடு சாலை வழியே செல்கிறது. இம்மாற்றத்தின் பளு, வாகனங்கள் மீது மட்டுமின்றி அவற்றை ஓட்டுவோர் மீதும் விழுந்துள்ளது.

மும்பையின் நில அமைப்பு இப்பளுவை மேலும் கூட்டுகிறது. கடலால் சூழப்பட்ட குறுகிய நிலப்பரப்பாதலின், நகருக்குள் சரக்கு நுழையும் வழிகள் சிலவே. 1950-களில் செம்பூரை அடுத்த மாகுல், டிராம்பே பகுதியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. பின்னர் உரத் தொழிற்சாலையும் வந்தது. 1989 மே மாதம் நவசேவாவில் ஜவாஹர்லால் நேரு துறைமுகம் திறக்கப்பட்டபின், கொள்கலப் போக்குவரத்து படிப்படியாக வளைகுடாவின் மறுகரைக்கு இடம்பெயர்ந்தது. எஃகு வணிகத்தை நெரிசல் மிக்க பழைய நகரிலிருந்து அகற்றும் நோக்குடன், நவி மும்பையின் களம்போலியில் சிட்கோ நிறுவனம் இரும்புச் சந்தை ஒன்றை அமைத்தது. ஆக, சரக்கு ஒரு கரையிலும் அதை வேண்டுவோர் மறு கரையிலுமாக உள்ளனர். இடைப்பட்ட சாலைகளில், மக்கள் நெரிசல் மிக்க காலை மாலை நேரங்களில் கனரக வாகனங்களுக்குத் தடை உண்டு. எனவே இந்நகரில் சரக்கு லாரியின் காத்திருப்பு தற்செயலானது அன்று, நாள்தோறும் நிகழ்வது.

தமிழர்க்கும் இத்தொழிலுக்கும் உள்ள தொடர்பும் குறிப்பிடத்தக்கது. தாராவி, மாட்டுங்கா லேபர் கேம்ப், செம்பூரையடுத்த சீத்தா கேம்ப் ஆகிய இடங்களில் உழைப்பை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் லாரித் தொழிலே பல குடும்பங்களின் வாழ்வாதாரம். அங்கிருந்து புறப்படும் வண்டிகளுக்கு மும்பை ஒரு முக்கியச் சேரிடமாகும்.

திறந்த தள லாரியின் தனித்தன்மை

சாதாரண லாரியில் பக்கப் பலகைகள் சரக்கைத் தாங்கிப் பிடிக்கின்றன. திறந்த தள லாரியில் அப்பணியைக் கயிறும் சங்கிலியும் மரக்கட்டையுமே செய்ய வேண்டும். பல டன் எடையுள்ள எஃகுச் சுருளை ஏற்றி வரும் ஓட்டுநர் திடீரெனத் தடை போட நேர்ந்தால், வண்டி நின்றாலும் சுருள் முன்னோக்கிச் செல்லவே முயலும். சுருளுக்கும் ஓட்டுநரின் முதுகுக்கும் இடையே இருப்பவை சங்கிலியும் அறையின் மெல்லிய தகடும்தாம். ஆதலால் கட்டுகளை இறுக்குதல், சிறிது தூரம் சென்றதும் இறங்கிச் சரிபார்த்தல், மழையில் தார்ப்பாய் போடுதல் ஆகியன அவருடைய உயிர்க்காப்புப் பணிகளாகின்றன. உதவிக்குக் கிளீனர் இல்லாத வண்டிகளில் இவையனைத்தும் ஓட்டுநர் ஒருவர் பொறுப்பிலேயே விடப்படுகின்றன.

சட்டப் பொறுப்பும் சிறிதன்று. 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின்படி, அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் எடை ஏற்றினால் 20,000 ரூபாயும், மிகையாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கப்படும். அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டிச் சரக்கு பக்கவாட்டிலோ பின்புறமோ நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000 ரூபாய் அபராதம் உண்டு. அவ்வாறு ஏற்றச் செய்பவரும் ஏற்ற அனுமதிப்பவரும் கூடக் குற்றவாளிகளே எனச் சட்டம் கூறுகிறது. எனினும், எவ்வளவு ஏற்றுவது என்று தீர்மானிப்பவர் சாலையில் இருப்பதில்லை. சோதனையின்போது அகப்படுபவர் ஓட்டுநரே.

ஊதியம் கணக்கிடப்படும் முறை

தனியார் லாரிகளில் ஓட்டுநரின் வருவாய் பொதுவாக மூன்று கூறுகளைக் கொண்டது. முதலாவது, மாதச் சம்பளம். இது பல இடங்களில் சிறு தொகையே, சில இடங்களில் அறவே இல்லை. இரண்டாவது, நடை ஒன்றுக்கு அல்லது கிலோமீட்டர் கணக்கில் தரப்படும் தொகை. மூன்றாவது, தொழில் வட்டாரத்தில் ‘பேட்டா’ எனப்படும் படி. இவற்றுடன், டீசல், சுங்கம், சிறு பழுது முதலியவற்றுக்கென மொத்தமாக வழிச்செலவுத் தொகையைக் கையில் கொடுத்து, அதில் மிச்சப்படுவதை ஓட்டுநரே எடுத்துக்கொள்ளுமாறு விடும் வழக்கமும் உண்டு. மிச்சம் பிடிக்க அவருக்குள்ள வழி, தமது உணவிலும் உறக்கத்திலும் குறைத்துக்கொள்வதே.

நடைக்கூலி முறையின் விளைவை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு நடைக்கு 1,200 ரூபாய் என்றும், வண்டி ஓடும் நேரம் 8 மணி என்றும் கொள்வோம். இத்தொகைகள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவையே. மணிக்கு 150 ரூபாய் என்பது ஏற்கத்தக்க ஊதியமாகத் தோன்றும். ஆனால் நகரின் நுழைவுத் தடைக்காக 6 மணி நேரமும், இறக்குமிடத்தில் 10 மணி நேரமும் காத்திருக்க நேர்ந்தால், அதே 1,200 ரூபாய் 24 மணி நேரத்துக்குரியதாகிவிடுகிறது. மணிக்கு ஊதியம் 50 ரூபாயாகச் சுருங்குகிறது. ஒப்புக்கொண்ட கூலியில் ஒரு காசும் குறைக்கப்படவில்லை. எனினும் ஊதியம் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

இங்கே ஒரு பொருளாதார உண்மையைக் கவனிக்க வேண்டும். ஒரு செலவைக் குறைக்கும் ஆற்றல் யாரிடம் உள்ளதோ, அவரே அச்செலவை ஏற்க நேர்ந்தால்தான் அதைக் குறைக்க முற்படுவார். லாரியை விரைவில் விடுவிக்கும் ஆற்றல் தொழிற்சாலையிடமும் கிடங்கிடமும் உள்ளது. தாமதத்தின் செலவையோ ஓட்டுநர் ஏற்கிறார். வண்டியை நிறுத்தி வைக்க ‘ஹால்டிங்’ எனும் கட்டணம் வசூலிக்கப்படும் இடங்களிலும், அது லாரி உரிமையாளரைச் சேர்கிறது. அதில் ஓட்டுநருக்குப் பங்கு தருவது அவரவர் மனப்பாங்கைப் பொறுத்தது. இழந்த மணிகளை ஓட்டுநர் ஈடுசெய்யும் வழி ஒன்றே: இரவில் உறங்காமல் ஓட்டுவது. அதன் அபாயம் அவரோடு நிற்பதில்லை. சாலையில் செல்வோர் அனைவரையும் சாரும்.

சட்டம் கூறுவது என்ன?

1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் இத்துறையில் ஒரு மைல்கல்லாகும். நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வேலை நேரத்தை அது வரையறுத்தது. நெடுந்தூர வழித்தடங்களில் உரிய அனுமதியுடன் 10 மணி, 54 மணி வரை நீட்டிக்க இடமளித்தது. ஐந்து மணி நேர வேலைக்குப்பின் அரை மணி ஓய்வு, மிகைநேரத்திற்கு இரட்டிப்பு ஊதியம், இரவில் தங்க நேரும் இடங்களில் ஓய்வறை ஆகியவற்றையும் விதித்தது.

இவ்வளவு இருந்தும் லாரி ஓட்டுநரின் நிலை மாறாததற்கு இரு காரணங்கள் உண்டு. முதலாவது, அச்சட்டம் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கே பொருந்தியது. அதற்குக் குறைந்தவற்றுக்கும் விரிவுபடுத்த மாநில அரசுக்கு அதிகாரம் இருந்தது என்பது உண்மையே. ஆயினும் ஓரிரு லாரிகளை உடையவர்களே மிகுந்த தொழிலில், பெரும்பாலான ஓட்டுநர்கள் சட்டத்தின் நிழலுக்கு வெளியே நின்றனர். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த, 2020-ஆம் ஆண்டுப் பணிசார் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் சட்டத்தொகுப்பு, 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. அதில் மோட்டார் போக்குவரத்து நிறுவனத்திற்கான எண்ணிக்கை வரம்பு பத்தாக உள்ளது.

இரண்டாவது காரணம் வரையறையில் உள்ளது. வண்டி ஓடும் நேரம், சரக்கு ஏற்றி இறக்குதல், பராமரிப்பு போன்ற துணைப் பணிகளின் நேரம் ஆகியவற்றுடன், முனையங்களில் பதினைந்து நிமிடத்திற்கும் குறைவான காத்திருப்பையும் வேலை நேரத்தில் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகச் சேர்த்தது. புதிய தொகுப்பிலும் இவ்வரையறை தொடர்கிறது. பதினைந்து நிமிடத்தைத் தாண்டிய காத்திருப்பைப் பற்றி அது வெளிப்படையாகக் கூறவில்லை. இதனால் அந்நேரம் வேலை நேரமன்று என்று பொருள்கொள்ள இடமேற்படுகிறது. பயணச்சீட்டுச் சோதனை, பணிச் சீட்டு ஒப்படைப்பு ஆகியவற்றைத் துணைப் பணிகளாகக் குறிப்பிடும் இவ்வரையறை, பேருந்தையே பெரிதும் மனத்திற் கொண்டது எனலாம். குறித்த நேரத்தில் புறப்படும் பேருந்துக்கு அது பொருந்தும். இரவெல்லாம் சரக்கைக் காத்து நிற்கும் டிரெய்லர் ஓட்டுநருக்கு அது பொருந்தாது.

சாலைப் போக்குவரத்தில் வேலை நேரம் பற்றிய 1979-ஆம் ஆண்டு உலகத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை, தொடர்ச்சியாக ஓட்டும் நேரத்தை நான்கு மணியாகவும், நாளொன்றுக்கு ஓட்டும் நேரத்தை ஒன்பது மணியாகவும் வரையறுத்து, நாள்தோறும் தொடர்ந்து பத்து மணி நேர ஓய்வை வேண்டுகிறது. இந்தியா இதனை ஏற்புறுதி செய்யவில்லை.

குறைந்த வரிசைகளும் குறையாத வரிசையும்

அரசின் பக்கமிருந்து எழும் தாமதங்கள் அண்மை ஆண்டுகளில் குறைக்கப்பட்டு வருகின்றன. சரக்கு, சேவை வரியின் வருகையுடன் 2017 ஜூலை முதல் மும்பையின் நுழைவு வரி நீக்கப்பட்டது. முலுண்டு, தகிசர், மான்குர்து சாவடிகளின் நீண்ட வரிசைகள் மறைந்தன. 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டாக் கட்டாயமாயிற்று. 2025 அக்டோபர் முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி வேண்டும் என 2023 டிசம்பரில் அறிவிக்கை வெளியாயிற்று. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் தனியார் தொழிற்சாலை வாயிலின் வரிசையை இந்நடவடிக்கைகள் எட்டவில்லை. 2024 ஜனவரித் தொடக்கத்தில், விபத்துக்குப் பின் தப்பிச் செல்வோருக்கான தண்டனையை எதிர்த்து ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது நாடே இவர்களைத் திரும்பிப் பார்த்தது. விபத்துக்குப் பின்னுள்ள தண்டனை குறித்து எழுந்த விவாதத்தில் ஒரு சிறு பங்கேனும், விபத்துக்கு முன்னுள்ள உறக்கமற்ற மணிகளைக் குறித்து எழுந்திருக்க வேண்டும்.

மும்பையிலேயே ஒரு முன்மாதிரி

தீர்வைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. அதே லாரியில் சுருளை ஏற்றுவோரும் இறக்குவோரும், மகாராஷ்டிரத்தில் மாத்தாடித் தொழிலாளர் எனப்படுகின்றனர். அவர்களும் ஒரு காலத்தில் நிலையான முதலாளியற்ற அன்றாடக் கூலிகளே. அண்ணாசாகேப் பாட்டீல் தலைமையில் நடந்த இயக்கத்தின் பயனாக 1969-இல் மாத்தாடிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி முதலாளிகளும் தொழிலாளர்களும் முத்தரப்பு வாரியத்தில் பதிவு செய்துகொள்கின்றனர். வேலை கொடுப்பவர் கூலியையும், அதன்மேல் குறிப்பிட்ட விழுக்காட்டு அளவிலான தீர்வையையும் வாரியத்தில் செலுத்துகிறார். வாரியம் கூலியை வழங்குவதோடு, தீர்வையிலிருந்து சேமநிதி, பணிக்கொடை, விடுமுறை ஊதியம், மருத்துவம் ஆகியவற்றையும் அளிக்கிறது. இரும்பு, எஃகு வணிகத்திற்கெனத் தனி வாரியமே உண்டு.

இதன் சிறப்பு யாதெனில், ஒரு முதலாளியிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்ற கேள்வியே இங்கு எழுவதில்லை. உரிமை, நிறுவனத்தின் அளவைச் சாராமல் தொழிலைச் சார்ந்து வருகிறது. இவ்வாரியங்களின் செயற்பாட்டில் குறைகள் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், சுருளை வண்டியில் ஏற்றுபவருக்குச் சேமநிதி உண்டு, அதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டு செல்பவருக்கு இல்லை என்ற நிலைக்கு நியாயம் கற்பித்தல் அரிது. கேரளம் 1985-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கென நல நிதிச் சட்டம் இயற்றியதையும் இங்கு நினைவுகூரலாம்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, ஏற்றுமிடத்திலும் இறக்குமிடத்திலும் குறிப்பிட்ட நேரத்தைத் தாண்டிய காத்திருப்பு, வேலை நேரமாகவே கணக்கிடப்பட வேண்டும். 1961-இல் இதனை அளப்பது கடினமாயிருந்தது. இன்று ஃபாஸ்டாக், மின்வழிச் சீட்டு, வண்டியின் இருப்பிடம் காட்டும் கருவி ஆகியவை ஒவ்வொரு மணியையும் பதிவு செய்கின்றன. அபராதம் விதிக்கப் பயன்படும் பதிவேடு ஊதியம் வழங்கவும் பயன்படலாம்.

இரண்டாவதாக, வாயிலில் நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும் சரக்குச் சீட்டில் குறிக்கப்பட வேண்டும். தாமதக் கட்டணத்தில் ஓட்டுநரின் பங்கும் அதிலேயே எழுதப்பட வேண்டும். மூன்றாவதாக, துறைமுகம், லாரி முனையம், இரும்புச் சந்தை ஆகிய இடங்களில் நடை ஒன்றுக்குச் சிறு தீர்வை பெற்று, மாத்தாடி முறையையொட்டி ஓட்டுநர் வாரியம் ஒன்றைச் சோதனை அடிப்படையில் தொடங்கலாம். 2021-இல் தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் பதிவேடு பயனாளிகளை அடையாளங்காண உதவும். நான்காவதாக, கழிப்பிடம், குடிநீர், படுக்கை வசதியுடன் கூடிய நிறுத்துமிடங்கள், சாலைத் திட்டங்களின் மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டும்.

இவற்றால் சரக்குக் கட்டணம் உயருமே எனச் சிலர் கேட்கலாம். காத்திருப்பின் செலவு புதிதாக முளைப்பதன்று. இன்றும் அது இருக்கிறது. ஓட்டுநரின் உறக்கத்திலும் அவர் குடும்பத்தின் வருவாயிலும் சாலை விபத்துகளிலும் அது மறைந்து கிடக்கிறது. அதனைக் குறைக்க வல்லவரின் கணக்கேட்டில் எழுதினால், வாயில்கள் விரைவாகத் திறக்கும். லாரிகள் மிகுதியான நடைகள் ஓடும். நாட்டிற்கும் ஆதாயமே விளையும். சாலையோரம் நிற்கும் லாரியில் நாட்டின் மூலதனம் மட்டுமன்று, ஒரு மனிதரின் உழைப்பு நேரமும் அடங்கியுள்ளது. அதற்குக் கணக்கு வைப்பதே நாம் எடுத்துவைக்க வேண்டிய முதற்படியாகும்.